மேஸ்திரி கேட்ட செயின்

"மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி உன் மரம் ரோட்டுக்கு வந்துடுச்சுன்னா நான் கையெழுத்துப் போடல. வரலைன்னா மறுபேச்சு பேசாம நீ போடணும்."

என் அண்ணன் இதைச் சொன்னது எங்கள் வீட்டுச் சமையலறையில், நான் சுட்டுப்போட்ட மூன்றாவது தோசையை மென்றுகொண்டே. எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்காவது தோசையைக் கருக்கிவிட்டேன். கருகினதை அவன் தட்டிலேயே போட்டேன். அதையும் தின்றுவிட்டுத்தான் போனான்.

எண்பதுகளின் கடைசி அது. அஸ்தினாபுரத்தில் ஒரு சின்ன வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் மறைமலை நகரில் வண்டிகளுக்குப் பாகம் செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். அண்ணன் தாம்பரத்தில் சிமெண்டு, கம்பிக் கடை வைத்திருந்தான். மண்ணிவாக்கம் தாண்டி எங்கள் இருவர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மூன்று ஏக்கர் நிலம். நெல் போட்டுக் கட்டுப்படியாகாமல் சும்மா கிடந்தது. "சவுக்கு வைக்கலாமா?" என்று நான் கேட்டபோது, "என்னமோ பண்ணிக்கோ" என்று கையை உதறினவன் இதே அண்ணன்தான்.

வைத்தேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் தாம்பரம் வந்து பஸ் பிடித்துப் போய்விடுவேன். முதல் இரண்டு கோடையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். கூலிக்கு வந்த பெண்கள், "ஆபீஸ் அம்மாவுக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்று சிரிப்பார்கள். என்னத்துக்கென்று நான் இப்போது சொல்கிறேன். ஆபீஸில் மற்றவர்கள் எழுதினதை அடித்துக் கொடுத்தேன். வீட்டில் மற்றவர்கள் கேட்டதைச் சமைத்துப் போட்டேன். இது ஒன்றுதான் நானாக யோசித்து, நானாகச் செய்தது. அந்தச் சவுக்கு ஆள் உயரம் வளர்ந்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், சத்தியமாகச் சொல்கிறேன், சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்குக்கூட ஏற்படவில்லை.

ஐந்து வருஷத்தில் மரம் வெட்டுக்கு வந்தது. கூடவே பிளாட் போடுகிற ஒருவரும் வந்தார். தாம்பரத்துக்கு மேற்கே எங்கே பார்த்தாலும் அப்போது கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று ஏக்கரையும் சேர்த்து, பத்திரத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் வாங்குவாராம், தீபாவளிக்குள் பதில் வேண்டுமாம். கடையைப் பெரிசாக்கத் துடித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை.

அவன் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது, மறைக்க மாட்டேன். எங்கள் தோப்புக்கும் ரோட்டுக்கும் நடுவே, ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் போகும் கலங்கல் வாய்க்கால் ஓடுகிறது. இரண்டு ஆள் ஆழம், செங்குத்தான கரை. கோடையில் வறண்டு கிடக்கும். ஐப்பசியில் ஏரி நிறைந்துவிட்டால் மாசி வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு நாய்கூடத் தாண்ட முடியாது. மர வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "மரம் ஜோரா கீதும்மா, வழிதான் இல்ல" என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார். "வழியில்லாத நிலத்துல மரம் வெச்சு ஆபீஸ்ல ஃபோட்டோ காட்டத்தான் ஆகும்" என்றான் அண்ணன். அந்தப் பேச்சுதான் முற்றிப்போய்த் தோசைக் கல் வரைக்கும் வந்தது.

"நாங்களே வெட்டி நாங்களே ரோட்டுக்குக் கொண்டு வர்றோம்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். புரட்டாசி பாதி முடிந்திருந்தது.

மறுநாளே ஒரு வெட்டு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனோம். பத்துப் பேரை வைத்து வேலை செய்கிறவர். வெற்றிலை போட்ட வாய், ஒல்லி உடம்பு. தோப்பைச் சுற்றி வந்தார், நாலு மரத்தைத் தட்டிப் பார்த்தார், வாய்க்கால் கரையில் நின்று கீழே எட்டிப் பார்த்துத் துப்பினார்.

"போன வருசம் பக்கத்துத் தோப்புல நம்ம ஆளு ஒருத்தன் சுமையோட இந்தக் கரையில வழுக்கி வுழுந்து தோள்பட்டை எறங்கிப் போச்சு சார். அதுலேர்ந்து எவனும் வர மாட்டேங்கிறான். ஒரு செயின் மட்டும் இருந்துச்சின்னு வெச்சிக்கோ, மூணே நாளு. முடிச்சிடலாம்."

'செயின்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் போகும். என் வீட்டுக்காரருக்கோ முகமே மலர்ந்துவிட்டது.

"செயின் சா!" என்றார் என்னிடம், காதோடு. "பாத்தியா, மேஸ்திரி எவ்ளோ விவரமான ஆளு!"

அவருக்கு மிஷின் என்றால் உயிர். ஒருமுறை புயலில் தொழிற்சாலை வாசலில் தூங்குமூஞ்சி மரம் விழுந்தபோது யாரோ அந்த மிஷின் ரம்பத்தைக் கொண்டுவந்து வெண்ணெய் மாதிரி அறுத்துப் போட்டார்களாம். அந்தக் கதையை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை. பல்லில்லாத வாய் பட்டாணி கேட்ட மாதிரி, அதுபோல ஒன்று வாங்க ஒரு சாக்குக்காகக் காத்திருந்தார். மேஸ்திரியிடம், "எந்தச் செயினைச் சொல்றீங்க?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விறகு வெட்டுகிறவரிடம் போய், 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. படித்தவர்கள் ஆயிற்றே!

அப்புறம் ஆரம்பித்தது எங்கள் ஊர்வலம். நான் சும்மா இருப்பேனா? ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியல் டைப் அடித்தேன். மிஷின் பெயர், எதில் ஓடும், எடை எவ்வளவு, உதிரிபாகம் கிடைக்குமா, ரிப்பேர் யார் பார்ப்பார்கள் என்று வரிசையாகக் கட்டம் கட்டி, தலைப்புக்கு அடிக்கோடு போட்டு, கார்பன் வைத்து இரண்டு காப்பி. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலில் பாரிமுனைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிநாட்டு ரம்பம் ஒன்று, ஆரஞ்சு நிறத்தில், நகைக்கடை அட்டிகை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எத்தனை ஏக்கர் எஸ்டேட் மேடம்?" என்றார் சேல்ஸ்மேன்.

"மூணு."

"முந்நூறா?"

"மூணுங்க" என்று விரலைக் காட்டினேன். டீ வாங்கி வரச் சொல்லியிருந்தார். அந்த டீ கடைசி வரைக்கும் வரவில்லை. விலையைக் கேட்டதும் நாங்களும் டீக்காகக் காத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் படப்பையில் ஒருவர் பவர் டில்லரை டிரெய்லரோடு விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நல்ல வண்டி. என் வீட்டுக்காரர் அதன் இஞ்சினுக்குக் காது கொடுத்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது வாய்க்காலை எப்படித் தாண்டும்?" என்றேன்.

"அது அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல வெட்டணும் இல்ல?"

அந்த இடத்தில் நான் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். சரியான கேள்வி என் வாயில்தான் முதலில் வந்தது. ஆனால் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. நானே கட்டின கட்டத்துக்குள் நானே மாட்டிக்கொண்டேன். டில்லர் வேண்டாம் என்று முடிவு செய்தோமே தவிர, ஏன் வேண்டாம் என்று யோசிக்கவில்லை. விலை ஒத்துவரவில்லை என்று எழுதி வைத்தேன்.

பல்லாவரம் பக்கம் ஒரு மர வாடியில் மேஜை ரம்பம் பார்த்தோம். மோட்டார் வைத்தது. "தோட்டத்துல கரண்ட் இருக்கா?" என்று கேட்டார் வாடிக்காரர். இல்லை. அதோடு அது முடிந்தது.

கடைசியில் அனகாபுத்தூர். மூடிப்போன தோல் பதனிடும் ஷெட் ஒன்றின் சாமான்களை மொத்தமாக எடுத்து, அதே ஷெட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார் ஒரு பழைய சாமான் வியாபாரி. உள்ளே ஒரே இருட்டு. துருப்பிடித்த டிரம்கள், பம்புகள், பல் சக்கரங்கள். மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு செயின் சா. எங்கேயோ மலை எஸ்டேட்டிலிருந்து வந்ததாம். பழசுதான், ஆனால் பல் நன்றாக இருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் தலைகால் புரியாமல் நிமிர்ந்து, உத்தரத்திலிருந்து தொங்கிய ஒரு இரும்புக் கொக்கியில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டார்.

"பாத்து சார்! அந்த பிளாக்கைக் கழட்டணும் கழட்டணும்னு நானும் பாக்கறேன்" என்றார் வியாபாரி.

நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. அந்த வீக்கத்தோடேயே பேரம் பேசினார். பாரிமுனை விலையில் கால்வாசிக்கும் கீழே. ஆனால் அந்தக் கால்வாசிகூட எங்களிடம் இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நானே சொன்னேன்: "செயினைக் கொடுத்துச் செயின் வாங்கிக்கலாம் வாங்க."

தாலிச் செயின் அது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு செயினை விற்றேன். மனசு கஷ்டப்பட்டதா என்றால், பட்டது. நகைக்கடையிலிருந்து வெளியே வந்ததும் கழுத்து காலியாக, காற்று ஜில்லென்று பட்ட மாதிரி இருந்தது. ஆனால் பயமாக இல்லை. மரம் வெளியே வரும், நிலம் நிற்கும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அண்ணன் மூஞ்சியைப் பார்க்கிற அந்த நாளை நினைத்துக்கொண்டேதான் மொபெட்டின் பின்னால் ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு வெட்டுக்கு நாள் குறித்தோம். மேஸ்திரி பத்து ஆட்களோடு காலையிலேயே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றி, கயிற்றைப் பிடித்து இழுத்தார். பதினைந்து இழுப்புக்கு அது இருமிக்கொண்டே இருந்தது. பதினாறாவது இழுப்பில் ஐயோ, என்ன சத்தம்! தோப்பிலிருந்த கொக்கெல்லாம் பறந்துபோனது.

மரம் விழுந்தது, சொன்னபடி வெண்ணெய் மாதிரிதான். ஒன்று, இரண்டு, பத்து, இருபது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு கூலிக்கார அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சாரு சோக்கா வெட்றாரு" என்றாள். விழுந்த மரமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து சிக்கிக்கொண்டு, தலை சீவாத முடி மாதிரி கிடந்தது. டீ வருகிற வரைக்கும் வெட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே அவர் மேஸ்திரியைப் பார்த்தார், சபாஷ் வாங்கிக்கொள்ள.

மேஸ்திரி ரொம்பவும் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "சார், தப்பா நெனைக்காத. வெட்டறது எங்க வேல. ரெண்டு போடு போட்டா சவுக்கு சாஞ்சிடும். நீ இன்னாத்துக்குக் கஷ்டப்பட்டு வெட்டினுகீற?"

"நீங்கதானே செயின் வேணும்னு சொன்னீங்க?"

"ஆமா. எங்க அது?"

"இதோ!" என்று ரம்பத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது ரம்பம் சார்" என்றார் மேஸ்திரி. "நான் கேட்டது செயினு. லாரி ஷெட்டுல இஞ்சினைத் தூக்குவாங்களே, சங்கிலியப் புடிச்சி இழுத்தா கடகடன்னு மேல வருமே... அந்தச் செயினு. வாய்க்கால்லேர்ந்து கட்டைய மேல தூக்கறதுக்கு."

என் வீட்டுக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். அவர் வாயிலிருந்து வந்த அடுத்த வார்த்தையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"பிளாக்கா?"

விஷயம் இதுதான். செயின் பிளாக் என்று அதற்கு முழுப் பெயர். பத்து வருஷமாகத் தினமும் தன் கையால் இழுத்து இழுத்து மிஷின்களைத் தூக்கி இறக்குகிறவர் இந்த மனிதர். ஆனால் தொழிற்சாலையில் அதை எல்லோரும் 'பிளாக்' என்று மட்டும்தான் சொல்வார்கள். மரம் வெட்டுகிறவர்கள் 'செயின்' என்று மட்டும் சொல்வார்கள். ஒரே சாமானின் பெயரைப் பாதி பாதியாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் நின்றது என் கழுத்துச் செயின்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மேஸ்திரி மேல், அவர் மேல், ரம்பத்தின் மேல், என் பட்டியலின் மேல். 'எதற்கு' என்று ஒரு கட்டம் போட்டிருந்தால் போதுமே! நான் வாய் திறப்பதற்குள் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, நெற்றியைத் தடவினார். வீக்கம் வற்றி ஒரு கறுப்புத் தழும்பு மட்டும் மிச்சம் இருந்தது. தடவின கை அங்கேயே நின்றது.

"இங்க பாரும்மா" என்றார் மெதுவாக. "நான் எதுல முட்டிக்கிட்டேன்?"

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். என்ன ஏது என்று தெரியாமல் கூலிப் பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

அன்றைக்கு மத்தியானமே மறுபடியும் மொபெட், மறுபடியும் மடியில் ரம்பம், மறுபடியும் அனகாபுத்தூர். வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. வியாபாரி திரும்ப எடுக்க மாட்டேன் என்று முதலில் முறுக்கினார். பிறகு, பல்லாவரத்து மர வாடிக்காரர் ஒருவர் இந்த ரம்பத்தை இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார் என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. நான் விடுவேனா? பிடித்துக்கொண்டேன். ரம்பத்துக்கு அந்த பிளாக், கூட ஒரு சுருள் கம்பிக் கயிறு, இரண்டு கொக்கி.

"ரம்பத்தைக் குடுத்துட்டு இத்தப் போயி வாங்கறியேம்மா" என்று அவரே பரிதாபப்பட்டார். உத்தரத்திலிருந்து கழற்றும்போது என் வீட்டுக்காரர் அந்தக் கொக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், கிண்டலாகத்தான்.

திங்கள் காலை இரண்டு பேரும் லீவு சொல்லிவிட்டோம். என் டைப் அடித்த பட்டியலின் பின்பக்கத்தில் அவர் ஒரு முக்காலியை வரைந்தார். தோப்பிலேயே பருத்த மரமாக மூன்றைத் தேர்ந்து வெட்டி, இரண்டு காலை ரோட்டுப் பக்கக் கரையிலும் ஒரு காலை வாய்க்காலுக்குள்ளும் ஊன்றி, உச்சியைக் கம்பிக் கயிற்றால் இறுக்கிச் செயினைத் தொங்கவிட்டார்கள். ஒரு கட்டு இத்தனை எடை, அதை இத்தனை அடி தூக்கணும் என்று இவர் பென்சிலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"முழுசா எதுக்கு சார் தூக்கற? மூக்கை மட்டும் தூக்கு. மூக்கு கரை மேல ஏறிடுச்சின்னா மிச்சத்தை நாங்க இழுத்துக்குவோம்."

இந்தத் தடவை இவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "மூக்குன்னா எதைச் சொல்றீங்க மேஸ்திரி? முனையா?"

"ஆமா சார், முனைதான்."

"எந்த முனை? அடிப்பக்கமா, நுனிப்பக்கமா?"

"அடிப்பக்கம்."

எனக்குக் கை தட்டணும் போலிருந்தது.

வேலை எப்படி நடந்தது என்றால், ஆட்கள் கோடாலியால் வெட்டி, மிலார் என்கிற சிறு கிளைகளைக் கழித்து, பதினைந்து இருபது கம்புகளாகக் கட்டி, தோப்புப் பக்கக் கரையில் சறுக்கி வாய்க்காலுக்குள் விடுவார்கள். யாரும் தலையில் தூக்கிக்கொண்டு கரையில் இறங்க வேண்டியதில்லை. கீழே ஒருவர் கட்டின் அடிப்பக்கத்தில் கொக்கியை மாட்டுவார். மேலே ஒருவர் சங்கிலியை இழுத்தால் கடகடகட என்று மூக்கு எழும்பி வந்து கரையில் ஏறும். நாலு பேர் சேர்ந்து இழுத்து டிராக்டர் டிரெய்லரில் போட்டுவிடுவார்கள். பெட்ரோல் கிடையாது, சத்தம் கிடையாது. ரிப்பேர் என்றால் ஒரு சொட்டு ஆயில்.

செவ்வாய்க்கிழமை நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சங்கிலியைப் பிடித்தேன். என் எடையைப் போல மூன்று நாலு மடங்கு இருக்கும் அந்தக் கட்டு. நான் இழுக்க இழுக்க அது தலையைத் தூக்கி என்னை நோக்கி வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் விரல் அளவுக்கு இருந்த செடி! ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அந்த வெற்றிலை அம்மா, "அழுவாத, இழு" என்றாள். இழுத்தேன்.

புதன்கிழமை காலையிலிருந்தே தூறல்; மேற்கே இரண்டு நாளாகக் கனமழை பெய்து ஏரி நிறைந்துவிட்டதாம். மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் வர ஆரம்பித்தது. முதலில் ஒரு கோடு மாதிரி, அப்புறம் கணுக்கால் அளவு. கீழே நின்ற ஆள், "யம்மா, தண்ணி ஏறுது" என்று குரல் கொடுத்துக்கொண்டே கொக்கி மாட்டினார். பாக்கிக் கட்டுகளை எண்ணினேன். இன்னும் பத்துக் கட்டு. அப்புறம் ஆறு. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது நாலு கட்டு பாக்கி. மேஸ்திரி ஆள் மாற்றி ஆள் கீழே இறக்கினார். யாரும் டீ கேட்கவில்லை.

அப்போதுதான் அண்ணனின் ஸ்கூட்டர் ரோட்டில் வந்து நின்றது. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கிறான். குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ரோட்டோரம் நிரம்பி நின்ற டிரெய்லரைப் பார்த்தான். ஏற்கெனவே ஆறு டிரெய்லர் போய்விட்டது என்று அவனுக்குத் தெரியாது. அஸ்தினாபுரத்தில் வீடு கட்டுகிற ஒரு மேஸ்திரி, சாரம் கட்டக் கம்பு அத்தனையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்ததும் தெரியாது. வெட்டாந்தரையாகக் கிடந்த தோப்பைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். சேறும் ஆயிலுமாக நின்றுகொண்டிருந்த என் கழுத்தில் அவன் கண் நின்றது.

"செயின் எங்கடி?" என்றான். குரலே மாறிப்போயிருந்தது.

நான் கையை நீட்டிக் காட்டினேன். "அதோ தொங்குது பாரு."

அவன் அந்த முக்காலியை அண்ணாந்து பார்த்தான். குடையை மடக்கி என் கையில் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். சங்கிலியைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரரிடம் போய், "மாப்ள, நகருங்க" என்றான்.

முதல் இழுப்பிலேயே திரும்பி என்னைப் பார்த்தான். "இவ்ளோ லேசா கீது?"

"பேசாம இழுண்ணா, தண்ணி ஏறுது" என்றேன்.

நாலு கட்டையும் அவன்தான் தூக்கினான். கடைசிக் கட்டின் மூக்கு கரையில் ஏறினபோது கீழே நின்ற ஆளுக்கு இடுப்பு வரைக்கும் தண்ணீர். அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மேஸ்திரி துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "இப்ப பெய்யி" என்றார். அதற்காகவே காத்திருந்த மாதிரி மழை கொட்டியது.

நாங்கள் மூன்று பேரும் டிரெய்லருக்கு அடியில் ஒண்டிக்கொண்டோம். அண்ணன் ஆயில் பட்ட கையை ஈரப் புல்லில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"இதை வித்துடாத" என்றான் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

"எதை? செயினையா, நிலத்தையா?"

"ரெண்டையுந்தான்" என்றான். "வூட்டுக்குப் போலாம் வா. இன்னிக்காவது கருக்காம ஒரு தோசை சுட்டுப் போடு."